வன்னி மரத்தடியில் ஒரு பாடம்

ஜோத்பூரில் பணியேற்ற முதல் மாதம் அது. மூன்றாம் வகுப்பு ஆசிரியை விடுப்பில் இருந்தமையால் சுற்றுச்சூழல் பாடம் என்னிடம் வந்தது. மாணவர்களைப் பள்ளி முற்றத்திற்கு அழைத்துச் சென்றேன். வாயிலருகே நின்ற முள்மரத்தின் பெயர் எனக்குத் தெரியவில்லை. “கேஜ்ரி, ஐயா! அதன் காய்தான் சாங்ரி. எங்கள் வீட்டில் சமைப்பார்கள்” என்றாள் ஒரு சிறுமி.

விருத்தாசலம் கோயிலின் தலமரமாகிய வன்னியே அது என்பதைப் பின்னரே அறிந்தேன். அம்மரங்களைக் காப்பதற்காக 1730ஆம் ஆண்டில், இவ்வூரை அடுத்த கேஜர்லியில் அமிர்தா தேவி உள்ளிட்ட 363 பிஷ்னோய் மக்கள் உயிர்நீத்தனர். அம்மண்ணில் நின்றுகொண்டு நான் மரத்தின் பெயரறியாது விழித்தேன்!

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டில் ஆணையிட்டது. பாடநூல்கள் வந்தன, ஆசிரியரை ஆயத்தப்படுத்தும் முறைதான் மாறவில்லை. நான் சென்ற பணியிடைப் பயிற்சி, மூடிய அறையில் திரைக்காட்சிகளோடு முடிந்தது. (தேநீர் நெகிழிக் குவளையில் வந்தது என்பது வேறு கதை.)

தொடக்கநிலை ஆசிரியருக்கு, பணியேற்கும் ஊரின் மரம், மண், நீர்நிலை ஆகியவற்றை முதல் வாரத்திலேயே நேரில் காட்ட வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குத் தோட்டக்காரரும் ஆடு மேய்ப்பவருமே தக்க பயிற்றுநர்கள். நூலறிவு வேண்டாம் என்பதன்று. கிணற்றில் நீர் வற்றுவதன் காரணத்தை விளக்க அறிவியல் வேண்டும். ஆனால், கிணறு எங்கே இருக்கிறது என்பதை ஆசிரியர் முதலில் அறிந்திருக்க வேண்டுமல்லவா?

வரும் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்குவதாக எங்கள் பள்ளித் தோட்டக்காரர் இசைந்துள்ளார். ஆசிரியர் ஐவர் பெயர் கொடுத்திருக்கிறோம்.