பழுதுபார்க்கும் கைகள்

யூபிலி மலரிலே எழுதுவோர் கல்லூரியின் பழம்பெருமை பேசுவதும், மறைந்த அதிபர்களை நினைவுகூர்வதும், வென்ற கிண்ணங்களை எண்ணிக் காட்டுவதும் வழக்கம். அவற்றை எழுதுதற்கு நம்மினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். ஆதலின் நாம் ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்கின்றோம். அஃது ஒரு மோட்டார்க் காரின் பின்பக்கத்துச் சிறு யன்னற் கண்ணாடி. தமிழாசிரியருக்கும் காரின் கண்ணாடிக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் நகைக்கலாம். உறவு உண்டு, இம்மலரைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

யூபிலி ஏற்பாடுகள் குறித்துக் கூடிய கூட்டமொன்றிற்கு நம் பழைய மாணவர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். அவர் வந்தது விலையுயர்ந்த மின்சாரக் காரொன்றில். சிறிதும் இரைச்சலின்றி வளாகத்துள் நுழைந்த அக்காரை மாணவர் சூழ்ந்துகொண்டு அதிசயித்தனர். அன்றைக்கென்று விளையாட்டிடத்தின் ஓரத்தில் நாட்கூலியாளர் ஒருவர் இயந்திரத்தாற் புல் வெட்டிக்கொண்டிருந்தார். சுழன்ற நைலோன் இழையில் அகப்பட்ட கூழாங்கல்லொன்று தெறித்துச் சென்று காரிற் பட்டது. பின் கதவுக்கும் பின் தூணுக்கும் இடையே இருந்த கண்ணாடி, கண்ணிமைக்கும் நேரத்தில் பாசிமணி போல உதிர்ந்து போயிற்று.

புல் வெட்டியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்ற நிலையை நாம் மறக்கமாட்டோம். மாதாமாதம் சிறிது சிறிதாகத் தந்து தீர்ப்பதாகச் சொன்னார். அவருடைய கூலியைக் கொண்டு அக்கண்ணாடியின் விலையைத் தீர்ப்பதாயின் ஓர் ஆண்டும் போதாது. நம் பழைய மாணவர், “புல்லும் வெட்டத்தானே வேண்டும், கல்லுக்குக் கண் உண்டா?” என்று கூறி, அவர் தோளைத் தட்டித் தேநீர் குடிக்க அழைத்துச் சென்றார். கல்லூரி அவருக்குக் கற்பித்தவற்றுள் இதுவும் ஒன்றாயின், யூபிலி கொண்டாட அஃதொன்றே போதும்.

அந்தக் கண்ணாடி ஏன் மணிமணியாக உதிர்ந்தது என்று மாணவர் சிலர் வினவினர். கார்களிலே இருவகைக் கண்ணாடிகள் உள. ஒன்று வன்மையூட்டிய கண்ணாடி. அதனை 600 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமேற்றிக் காற்றை வீசி விரைந்து குளிர்விப்பர். புறத்தோல் இறுகி நெருக்குண்டும், அகம் இழுபட்டும் நிற்கும். ஆகவே அது மிக்க வலிமையுடையது. ஆனால் ஓரிடத்திற் பிளந்தால் முழுவதும் சிறு துகள்களாகிவிடும். கூரிய நீண்ட சில்லுகளாக உடைந்து உடலைக் கிழிக்காதிருத்தற்கே இவ்வேற்பாடு. மற்றையது அடுக்குக் கண்ணாடி. இரண்டு தகடுகளுக்கிடையே மெல்லிய பிளாத்திக்குப் படலம் வைத்து ஒட்டியது. முன் கண்ணாடி இவ்வகையினது; உடைந்தாலும் சிதறாது. பிரெஞ்சு இரசாயனரான எதுவார் பெனடிக்டஸ் என்பார் 1903ஆம் ஆண்டில், தம் ஆய்வுகூடத்திற் கீழே விழுந்த குடுவையொன்று விரிசலுற்றும் சிதறாதிருந்தமை கண்டு வியந்தார். அதனுள்ளே உலர்ந்து ஒட்டியிருந்த படலமே காரணமென்றறிந்து, 1909இல் அடுக்குக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார்.

மின்சாரக் கார்களிலே மற்றுமொரு நுட்பம் உண்டு. எந்திர இரைச்சல் இன்மையாற் காற்றின் ஓசை மிகுதியாகக் காதில் விழும். அதனைத் தணித்தற்காக விலையுயர்ந்த கார்கள் சிலவற்றிற் பக்கக் கண்ணாடிகளையும் அடுக்குக் கண்ணாடியாகவே அமைக்கின்றனர். ஆதலின் அளவு ஒத்திருத்தல் மட்டும் போதாது. வகையும் ஒத்திருத்தல் வேண்டும். கண்ணாடியின் மூலையிற் பொறித்துள்ள முத்திரையைப் படித்து வகையை அறியலாம். அங்கோ முத்திரை இருந்த மூலையும் உதிர்ந்து போயிருந்தது. மறுபக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தே குறித்துக்கொள்ள நேர்ந்தது.

கண்ணாடி தேடும் படலம் இனித் தொடங்கிற்று. நம் நாட்டில் நாத்தாண்டியாப் பகுதியிலே கண்ணாடிக்கேற்ற சிலிக்கா மணல் உண்டு. ஹொரணையிலே போத்தல்கள் வார்க்கின்றனர். அக்காருக்குரிய கண்ணாடியோ கடல் கடந்தே வரவேண்டும். விற்ற நிலையத்தார், கண்ணாடியைத் தனியே தர இயலாதென்றும், சட்டத்துடன் சேர்த்தே தருவிக்க வேண்டுமென்றும், பல கிழமைகள் செல்லுமென்றும், பொருத்துதற்குக் காரைத் தம்மிடமே கொண்டுவர வேண்டுமென்றும் கூறினர். கண்டியிலுள்ள கராஜ்கள் சிலவற்றிற் கேட்டோம். “மின்சாரக் காரா? கை வைக்க மாட்டோம்” என்பதே விடை. காப்புறுதிக்கான கடிதங்கள் போயும் வந்தும் இருந்தன. அந்நாள்களிற் கண்டியில் மழை. பல இலட்சம் ரூபா பெறுமதியான கார், பொலித்தீன் உறையொன்றை ஒட்டுநாடாவால் ஒட்டிக்கொண்டு நின்றது. ஓர் உள்ளங்கைப் பொருள் இல்லாமையால் ஒரு பெரும் பொருள் பயனற்றுப் போதலை அன்று கண்டோம்.

இறுதியிற் கண்ணாடி வந்தது. அதனைப் பொருத்தியவர் யார் என்பதே இக்கட்டுரையின் உயிர்நிலை.

கட்டுகஸ்தோட்டை வீதியிலே சிறு கண்ணாடிக் கடையொன்றில் வேலை செய்யும் இளைஞர் அவர். நம்மிடம் தமிழ் படித்தவர். சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியடையாது கல்லூரியை விட்டுச் சென்றவர். கடைசி வாங்கில் அமர்ந்து யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த அவரை நாம் பலமுறை கடிந்திருக்கின்றோம். அவர் வந்து நின்று, “சேர், நான் செய்து பார்க்கட்டுமா?” என்றார். உரிமையாளர் நம்மை நோக்கினார். நாம் தலையசைத்தோம், ஆயினும் உள்ளூர அஞ்சினோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

அவர் உடனே கருவியை எடுத்தாரல்லர். முதலில் அரைமணி நேரம் பார்த்தார். வாகனத்தின் மின்தொடர்பை முறைப்படி நிறுத்துவித்தார். செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயரழுத்த மின்சாரம் செல்வன என்றும், அவை தாம் வேலை செய்யும் இடத்தில் இல்லையென்பதை உறுதிசெய்த பின்னரே கை வைக்கவேண்டுமென்றும் சொன்னார். கூரையோரத்திலே விபத்துக் காலத்தில் விரியும் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருப்பதால் அங்கே தட்டலாகாதென்றார். உள்மூடிகளைக் கழற்றி, இடுக்குகளிற் புகுந்த கண்ணாடித் துகள்களை உறிஞ்சியெடுத்தார். பழைய பசையை முற்றாகச் சுரண்டாமல் மெல்லிய படையாக விட்டுச் சீவினார். கத்தி பட்டு வண்ணம் கீறிய ஓரிடத்திற் காப்புப்பூச்சுத் தடவினார். அவ்வாறு செய்யாவிடில் அவ்விடம் நாளடைவில் அரித்துவிடுமாம். பின்பு கண்ணாடியைப் பசையின்றி ஒருமுறை வைத்துப் பார்த்தார். அதன் பின்னரே பொலியூரித்தேன் பசையை ஒரே சீராக, எங்கும் அறாமல் இட்டு, கண்ணாடியைப் பதித்து, ஒட்டுநாடாவால் இழுத்துக் கட்டினார்.

“இரண்டு நாளைக்குக் கதவை அடித்துச் சாத்தவேண்டாம். ஒரு யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே அடைபடும் காற்று புதுக் கண்ணாடியைத் தள்ளிவிடும்” என்று உரிமையாளருக்கு அறிவுரை கூறினார். மூன்றாம் நாள் குழாய்நீரைப் பாய்ச்சிப் பார்த்தபோது ஒரு துளியும் உள்ளே கசியவில்லை.

இவற்றையெல்லாம் எங்கே கற்றீர் என்று வினவினோம். வேலை தெரிந்த ஒருவரின் பக்கத்தில் நின்றும், கைத்தொலைபேசியிற் படங்கள் பார்த்தும், ஆங்கிலக் கையேடுகளை அகராதி கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தும் கற்றாராம். பின்னர் அவர் நம்மிடம் ஒரு வினா விடுத்தார். “சேர், பசை ‘கியூர்’ ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அகராதியைப் பார்த்தால் நோய் தீர்த்தல் என்று இருக்கிறது. பசைக்கு என்ன நோய், சேர்?”

சிரித்தோம், பின்பு வெட்கினோம். இரசாயன ஆசிரியரிடம் கேட்டறிந்து, அது பசை காற்றின் ஈரத்தை ஏற்று முற்றி இறுகுதலைக் குறிக்குமென்று விளக்கினோம். “அப்படியானால் ‘முற்றுதல்’ என்றே சொல்லலாம்” என்றார் அவர். நல்ல சொல். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பிக்கும் நாம் அவருக்குக் கொடுக்க வேண்டிய சொல்லை, அவரே நமக்குத் தந்துவிட்டுச் சென்றார்.

நாம் சொல்ல விரும்புவது இதுவே. ஒரு பொருளை வாங்கும் ஆற்றல் மட்டும் உடைய ஊர், அப்பொருளை முழுதும் உடையதாகாது. அது பழுதுறும்போது செப்பனிடும் கையும், அக்கைக்கு வழிகாட்டும் சொல்லும் அவ்வூரிலே இருத்தல் வேண்டும். தமிழிலே ‘பழுதுபார்த்தல்’ என்கின்றோம். பார்த்தல் முன்னே, செய்தல் பின்னே என்பதை அச்சொல்லே உணர்த்துகின்றது. அவ்விளைஞர் அரைமணி நேரம் பார்த்தமையே அவர் கல்வி. நாம் வகுப்பறையிற் கவனக்குறைவு என்று கடிந்த கண், வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்த கண்ணாகவும் இருந்திருக்கலாம்.

செல்வர் சிலரின் காரைப் பற்றி ஏழை மாணவருக்கு என்ன கவலை என்று கேட்போர் உளர். இன்று அரியது நாளை எளியதாகும். சின்னஞ்சிறு மின்சாரக் கார்கள் கண்டி வீதிகளில் ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகளாயின. மின்சார முச்சக்கர வண்டிகளும் வந்துவிட்டன. 2020ஆம் ஆண்டு முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையும், 2022இன் நெருக்கடியில் உதிரிப்பாகங்களுக்கு நாம் பட்ட பாடும் யாவரும் அறிந்தவை. அக்காலத்தில் நாட்டின் சக்கரங்களைச் சுழலச் செய்தவர்கள் பஞ்சிகாவத்தையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் எண்ணெய்க் கையோடு நின்றவர்களே. 2025இல் மீண்டும் தனியார் வாகனங்கள் வரத் தொடங்கின. வருவனவற்றைப் பேணப்போகின்றவர் யார்?

மின்சாரம் ஆபத்தானது, ஆகையால் நிபுணரிடமே விடவேண்டும் என்பது மற்றொரு வாதம். அதனை நாம் மறுக்கவில்லை. நிபுணர் வேண்டும், ஆனால் நிபுணர் வானிலிருந்து இறங்குபவரல்லர், பயிற்சியால் ஆக்கப்படுபவர். பயிற்சிக்கு வேண்டிய விவரங்களை உற்பத்தியாளர் பூட்டிவைத்தலும் முறையன்று. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநில மக்கள் 2012ஆம் ஆண்டில் வாக்களித்து, கார் பழுதுபார்க்கும் விவரங்கள் வெளிக் கராஜ்களுக்கும் கிடைக்க வேண்டுமென முடிவு செய்தனர். அவுஸ்திரேலியாவில் 2022 யூலை முதல் அத்தகைய சட்டமொன்று நடைமுறையில் உள்ளது. நம் நாட்டிலும் அவ்வாறான சட்டம் வேண்டுமென்று, சட்டமியற்றுவோரை நெருங்கக்கூடிய நம் பழைய மாணவர்கள் குரல் எழுப்புவார்களாக.

மொழித்துறையில் நமக்கு முன்மாதிரிகள் உள. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து வைத்தியர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். நூல்களையும் தமிழிலே ஆக்கினார். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞான பாடங்களுக்குச் சொற்றொகுதிகள் வெளியிட்டது. மருத்துவருக்கும் மாணவருக்கும் சொல் தேடிய தமிழ், கராஜில் நிற்கும் இளைஞனுக்குச் சொல் தேடாதிருத்தல் தகுமா?

ஆகவே யூபிலிச் சபையாரின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். நிதியிலிருந்து ஒரு பகுதியை, தொழிற்பயிற்சி பெற விரும்பும் மாணவருக்கு உதவித்தொகையாக ஒதுக்குக. மின்சார வாகனத்தைப் பாதுகாப்பாகப் பழுதுபார்க்கும் முறைகளை விளக்கும் சிறு தமிழ்க் கையேடொன்றை, துறை வல்ல பழைய மாணவர்களைக் கொண்டு எழுதுவிக்க. தமிழ்ச் சொற்களைச் சீர்செய்யும் பணியை நாம் ஊதியமின்றி ஏற்போம். மூன்றாவது, பழைய மாணவர் பெயரேட்டைத் திறந்து பார்க்க. கண்ணாடி பொருத்திய இளைஞரின் பெயரை அதிலே தேடினோம், இல்லை. சித்தியடையாது சென்றோர் பலரின் பெயர்கள் இல்லை. அவர்களை எவரும் விலக்கவில்லை, எவரும் அழைக்கவுமில்லை.

கண்டியிலிருந்து கொழும்பு செல்லும் வழியிற் பிலிமத்தலாவைக்கு அருகே கடலாதெனிய விகாரை உண்டு. 1344ஆம் ஆண்டில் எழுந்த அக்கற்கோயிலைக் கட்டிய தென்னிந்தியச் சிற்பாசாரியாரின் பெயர் கணேஸ்வராசாரி. கட்டுவித்தோர் பெயருடன் கட்டியவன் பெயரையும் கல்லிலே பொறித்துவைத்த காரணத்தால் நாம் இன்று அதனை அறிகின்றோம். அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னே பிறர் செய்த அம்மரியாதையை, நம் பிள்ளைகளுக்கு நாம் ஒரு பெயரேட்டிலாவது செய்யலாகாதா?

அந்தக் கார் இப்போதும் கல்லூரிக்கு வருகின்றது. இடப்பக்கத்துச் சிறு கண்ணாடியை நாம் அறிந்தே பார்த்தாலன்றிப் புதியதென்று கண்டுகொள்ள முடியாது. செப்பமான வேலை கண்ணிற் படாது. செய்தவரையும் அவ்வாறே கண்ணிற் படாதவராக விட்டுவிடுதல் நன்றன்று. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் அழைப்பிதழ் ஒன்று கட்டுகஸ்தோட்டை வீதிக்கும் செல்லுமாக.