அரைப்பேர்

நானுஓயா புகையிரத நிலையத்து மேடையில் வெளிநாட்டுப் பயணிகள் முதுகுப்பையோடு இறங்கி, நுவரெலியாவுக்கு வாகனம் பேசுகிறார்கள். அதே மேடையில், அம்மா சுட்டுக்கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தோடு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பு ரயிலுக்காக நிற்கிறார்கள். 1885இல் ரயில் இந்த ஊர்வரை ஏறிவந்தது மலையின் விளைச்சலைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். இன்று அது பிள்ளைகளையும் இறக்குகிறது.

கொழும்பில் புடவைக்கடையிலோ சாப்பாட்டுக்கடையிலோ சேர்ந்த முதல் வாரத்திலேயே கேள்வி வந்துவிடும்: "தம்பிக்கு எந்த ஊர்?" பெரும்பாலும் "நுவரெலியா" என்று பதில் வரும். நானுஓயா வராது, தோட்டத்தின் பெயர் வராது. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல்லைப் பள்ளிக்கூட வயதிலேயே கேட்டு வளர்ந்தவன் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது.

அந்தப் பையனின் கைபேசியிலும் தன்னம்பிக்கைப் பேச்சுகள் ஓடுகின்றன. உன்னை நீயே தேடு, ஊரார் சொல்வதைக் காதில் போடாதே, தனிமையில் உட்கார்ந்து உள்மனதைக் கேள் என்கிறார்கள். லயம் என்ற வரிசை வீட்டின் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பறாவில் ஒரு குடும்பமே படுத்தெழும்பும்போது எந்த மூலையில் போய்த் தனிமையில் உட்காருவது? தன்னைத் தேடுவதற்கும் கொஞ்சம் இடம் வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பேர் வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் செக்ரோல் என்ற வருகைப் பதிவில் ஒரு பேர் விழும். மழையாலோ காய்ச்சலாலோ நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. "இன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்று ஒரு தாய் கூடையை இறக்கிவைத்துச் சொல்லும்போது, பிள்ளைக்கு அது கூலிக்கணக்காக மட்டுமா கேட்கும்? தன் பேரை எழுதுவதும் பாதியாக வெட்டுவதும் இன்னொருவர் கை என்று, எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே அது கற்றுக்கொள்கிறது.

நாடும் அதே கணக்கைத்தான் போட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு என்று பிரித்தது. அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம் ஆனார்கள். நீலகிரிக்குப் போனவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ ஆனார்கள். இங்கே இருந்தவர்கள் ‘இந்தியாக்காரர்’ ஆகவே நீடித்தார்கள். நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

ஆகவே இங்கே ‘நான் யார்’ என்பது ஓய்வுநேரத்துத் தத்துவக் கேள்வியாக ஒருபோதும் இருந்ததில்லை. மாவட்டக் கச்சேரியில் விண்ணப்பப் படிவத்தோடு நின்ற கேள்வி அது. 2012 குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்ற பெயரில் நாட்டின் சனத்தொகையில் 4.1 வீதமாக இருந்த இந்த மக்கள் தொகுதி 2024 கணக்கெடுப்பில் 2.8 வீதமாகக் குறைந்திருக்கிறது. காரணங்கள் பல இருக்கலாம். தம்மை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொள்வோர் இருப்பது நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. மனம் விரும்பி எடுத்த முடிவென்றால் அதை மதிக்கிறேன். அச்சமும் வெட்கமும் எடுத்துக்கொடுத்த முடிவென்றால், அங்கே ஒரு மனிதர் தன் பேரைத் தானே அரையாக்கிக்கொள்கிறார்.

அப்படி அரையாக்கிக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். நானுஓயாவிலிருந்து ரயிலில் கீழிறங்கினால் தலவாக்கலை. அத்தொகுதியிலிருந்து 1947இல் முதலாவது நாடாளுமன்றத்துக்குப் போனவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடகொம்பரை தோட்டத்தில் பெரிய கங்காணி குடும்பத்தில் பிறந்தவர்; கொழும்பில் படித்தவர்; ஆங்கிலத்தில் கவிதை எழுத வல்லவர். மலையைத் திரும்பிப் பார்க்காமலே அவர் வாழ்ந்திருக்க முடியும். ஆனால் கொழுந்து மலையிலும் லயத்து இஸ்தோப்பிலும் பாடப்பட்ட பாடல்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். அறுபதுகளில் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி ஆசிரியர் இர. சிவலிங்கம் ஒரு தலைமுறை மாணவர்களிடம் ‘மலையகம்’ என்ற சொல்லை வெட்கமின்றிச் சொல்லும் துணிவை வளர்த்தார். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை, மூதாதையர் வந்த வழியே நடந்தவர்கள் அந்தச் சொல்லைத்தான் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

இந்த முன்னோடிகளைக் காட்டி இன்றைய பிள்ளைகளை நெருக்குவதும் எனக்கு உவப்பில்லை. லயத்திலிருந்து முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகும் பெண்ணின் தோளில், போன அன்றே சமூகம் முழுவதையும் ஏற்றிவிடுகிறோம். அவள் ஆசிரியராக வேண்டும், தம்பிமாரைப் படிப்பிக்க வேண்டும், கோயில் திருவிழாவுக்குக் காசு தர வேண்டும். அவளுக்குப் பிடித்தது எது என்று கேட்க ஆளில்லை. தோட்டமும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

கேட்பதற்கு முன் அரசு செய்து முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து கைமாறும் நிலை பல தோட்டங்களில் தொடர்கிறது. நேர்முகத் தேர்வு முடிந்தபின் அழைப்புக் கடிதம் கிடைத்த கதையை மலையகத்தில் எந்த ஆசிரியரும் சொல்வார். தோட்டக் குடும்பத்துக்கு வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணி என்ற வாக்குறுதிக்கும் வயதாகிவிட்டது. வீட்டுக்கு ஓர் இலக்கம், காணிக்கு ஓர் உறுதி, அந்த உறுதியில் கொழுந்து பறித்த அம்மாவின் முழுப்பேர்: இவை வந்தால் "எந்த ஊர்?" என்பதற்குப் பையன் சொல்லும் பதிலும் மாறும்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கும் ஒரு மாணவியிடம் அண்மையில் கேட்டேன், என்ன படிக்க விருப்பம் என்று. வீட்டில் ரீச்சர் வேலைதான் பேச்சாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "எனக்கு மண்ணைப் பத்திப் படிக்கணும் சேர்" என்றாள். ஏன் என்றேன்.

"ஒவ்வொரு மழைக்கும் எங்க லயத்துக்குப் பின்னாலதான் சரியுது. பங்களாவுக்குப் பின்னால சரியிறதே இல்ல. அது ஏன்னு எனக்குத் தெரியணும்."