எழுதும் முன் பத்து நிமிடம்

தேர்வு மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வந்ததும் மாணவர்கள் பலர் உடனே எழுதத் தொடங்கிவிடுகின்றனர். நேரம் போதாது என்ற அச்சமே இதற்குக் காரணம். ஆனால், கட்டுரை வினாவில் புள்ளிகள் குறைவது மெதுவாக எழுதுவதனால் மட்டும் அன்று. கேட்கப்படாத ஒன்றை எழுதுவதனாலும்தான். ஆகவே, முதல் பத்து நிமிடத்தைச் சிந்திப்பதற்கு ஒதுக்குவதே நேரத்தைச் சேமிக்கும் வழியாகும்.

மலேசியாவில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டிலும் பி.டி.3 தேர்வு 2022-ஆம் ஆண்டிலும் அகற்றப்பட்டன. எனவே, படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வே இன்றைய மாணவர்கள் பலர் சந்திக்கும் முதல் பொதுத்தேர்வாக அமைகிறது. தேர்வுச் சுமை குறைந்தது நன்மையே. எனினும், கடிகாரத்தைக் கவனித்தவாறு எழுதிப் பழகும் வாய்ப்பும் அதனுடன் குறைந்துவிட்டது. அப்பழக்கத்தை வகுப்பறையில்தான் உருவாக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ‘இளைஞர்கள் பொதுப் போக்குவரத்தை அதிகம் பயன்படுத்தச் செய்வதற்கான வழிகளை விளக்கிடுக’ என்னும் வினாவைக் காண்போம். ‘பொதுப் போக்குவரத்தின் நன்மைகள்’ என்ற கட்டுரையை மனனம் செய்த மாணவர் அதையே எழுதிவிடக்கூடும். சாலை நெரிசல் குறையும், செலவு மிச்சமாகும், காற்று மாசு குறையும் என்பன உண்மையே. ஆனால், அவை நன்மைகள், வழிகள் அல்ல. ‘வழிகள்’, ‘விளக்கிடுக’ ஆகிய இரு சொற்களுக்கும் முதலிலேயே கோடிட்டிருந்தால் இப்பிழை நேர்ந்திருக்காது.

அதே வினாவைச் செந்தூலில் வாழும் மாணவர் ஒருவர் தம் சுற்றுப்புறத்தைக் கொண்டே அணுகலாம். அங்குள்ள கே.டி.எம். கொமுட்டர் நிலையமும் எல்.ஆர்.டி. நிலையமும் செந்தூல் என்ற ஒரே பெயரைத் தாங்கியிருந்தாலும் தனித்தனி இடங்களில் உள்ளன. இத்தகைய நிலையங்களுக்கு வெயிலிலும் மழையிலும் எளிதாக நடந்து செல்ல வழி செய்வது ஒரு கருத்து. பள்ளி முடியும் நேரத்திற்கேற்பப் பேருந்துச் சேவையை ஒழுங்குபடுத்துவது மற்றொன்று. மாணவர் கட்டணச் சலுகைகளைப் பள்ளியிலேயே அறிமுகப்படுத்துவது மூன்றாவது. நாள்தோறும் கண்ணால் காண்பவையே சிறந்த சான்றுகளாகும்.

அடுத்தது, நேரப் பங்கீடு. ஒரு கட்டுரைக்கு 90 நிமிடம் கிடைப்பதாகக் கொள்வோம். சட்டகம் வரைய 10 நிமிடம், எழுத 70 நிமிடம், சரிபார்க்க 10 நிமிடம் எனப் பிரிக்கலாம். மூன்று கருத்துகளுக்கும் தலா 18 நிமிடம் வழங்கினால், முன்னுரைக்கும் முடிவுரைக்கும் 16 நிமிடம் மீதமிருக்கும். முதல் கருத்துக்கே 40 நிமிடம் செலவிட்டால், மூன்றாம் கருத்து இரண்டு வரிகளில் முடங்கிவிடும்.

கட்டுரையை மனனம் செய்வது எழுதத் தயங்கும் மாணவருக்குத் துணிவைத் தரும் என்று சிலர் கூறுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. திருக்குறள், மரபுத்தொடர், பழமொழி முதலியவற்றை மனனம் செய்வது மொழிவளத்தைப் பெருக்கும். ஆனால், முழுக் கட்டுரையையும் மனனம் செய்பவர் வினா சற்றே மாறினாலும் தடுமாறுவார். மனனம் செய்த சொற்கள் கருவிகள். அவற்றை எங்குப் பயன்படுத்துவது என்பதைச் சிந்தனைதான் முடிவு செய்ய வேண்டும்.

திருக்குறளில் ‘தெரிந்துசெயல்வகை’ 47-ஆம் அதிகாரமாகவும், ‘காலமறிதல்’ 49-ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. ஆராய்ந்து செயல்படுவதும் காலமறிந்து செயல்படுவதும் தேர்வு எழுதுபவருக்கும் தேவையானவையே. எனவே, வாரத்திற்கு ஒரு வினாவை எடுத்து, பத்து நிமிடத்தில் சட்டகம் மட்டும் வரையும் பயிற்சியைப் படிவம் ஒன்று முதலே தொடங்குவது சாலச் சிறந்தது. முழுக் கட்டுரை எழுத நேரமில்லாத வகுப்பிலும் இப்பயிற்சிக்கு இடமுண்டு.