ரூம் மாறியாச்சு... லேப்டாப்பில் பழைய வைஃபையை நீக்கியாச்சா?

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கிறது சுங்குவார்சத்திரம். ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து, வாடகை அறையிலும் ஹாஸ்டலிலும் தங்கியிருப்பவர்கள் இங்கே ஏராளம். கான்ட்ராக்ட் முடிந்தால் அறையும் மாறும். பாய், பக்கெட்டோடு இன்னொன்றும் கூடவே கிளம்பிவிடுகிறது. அது, லேப்டாப்பில் பதிவாகியிருக்கும் பழைய அறையின் வைஃபை பாஸ்வேர்டு!

ஒருமுறை இணைந்த வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கம்ப்யூட்டர் சேமித்து வைத்துக்கொள்கிறது. அடுத்தமுறை தானாகவே இணைவதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

இதில் என்ன சிக்கல்?

லேப்டாப்பை விற்றாலோ, இன்னொருவரிடம் கொடுத்தாலோ, சேமித்த பாஸ்வேர்டை அவரால் பார்க்க முடியும். அந்த வைஃபை மூலம் யாராவது தவறு செய்தால், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அந்த வீட்டுக்காரரிடம்தான் விசாரணை முதலில் வரும்.

பாஸ்வேர்டு இல்லாத பொது வைஃபையில் இன்னொரு ஆபத்து. அதே பெயரில் யாராவது போலி வைஃபை வைத்தால், பெயரை மட்டும் நம்பி லேப்டாப் தானாக இணைந்துவிடலாம். 2024-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களில் போலி இலவச வைஃபை அமைத்து, பயணிகளின் இ-மெயில், சமூக வலைதளக் கணக்கு விவரங்களைத் திருட முயன்றதாக ஒருவர் மீது அந்நாட்டு போலீஸ் வழக்குப் பதிந்தது.

எப்படி நீக்குவது?

விண்டோஸ் 10, 11: 'செட்டிங்ஸ்' சென்று 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதில் 'வைஃபை', அடுத்து 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' என்பதைத் திறக்கவும். இதுவரை இணைந்த வைஃபைகளின் பட்டியல் வரும். வேண்டாததைத் தேர்ந்தெடுத்து 'ஃபர்கெட்' கொடுத்தால் முடிந்தது.

மேக்: 'சிஸ்டம் செட்டிங்ஸ்', 'வைஃபை', 'அட்வான்ஸ்டு' என வரிசையாகச் சென்று, வேண்டாத பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கலாம்.

நீக்குவதால் வைஃபைக்கு எதுவும் ஆகாது; லேப்டாப் அதை மறந்துவிடும், அவ்வளவுதான். மீண்டும் தேவையென்றால் பாஸ்வேர்டு கொடுத்து இணைந்துகொள்ளலாம். ஹாஸ்டலில் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு லேப்டாப் இணைய மறுக்கிறதா? பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக இணைந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விற்பவர்கள் கவனத்துக்கு...

லேப்டாப்பை விற்பதாக இருந்தால் வைஃபையை மட்டும் நீக்கினால் போதாது. தேவையான போட்டோ, சான்றிதழ்களை வேறு இடத்தில் சேமித்துவிட்டு, விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி' சென்று 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்துவிட வேண்டும்.

வாடகைக்கு விடுபவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஒருவர் அறையைக் காலி செய்ததும் சாவியை மறக்காமல் வாங்குகிறோம் இல்லையா? அதே கையோடு வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றிவிடுவது நல்லது.