எதிர்ப்பும் பொறையும்

தமிழில் அறிவியல் எழுதுவோர் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தொட்டால், இரண்டாவது வாக்கியத்திலேயே போர் தொடங்கிவிடுகிறது. வெள்ளையணுக்கள் படைவீரர், கிருமிகள் பகைவர், உடல் கோட்டை. புறத்திணையில் ஊறிய மொழியல்லவா, கை தானாக அங்கே போகிறது. ஆனால் இவ்வுவமை பாதியைத்தான் சொல்கிறது; அது மறைக்கும் பாதியே முக்கியமானது என்பது என் கருத்து.

பிறந்த மூன்றாம் நாள் எலிக்குஞ்சின் தைமஸ் சுரப்பியை அகற்றினால் என்ன நிகழும்? டி செல்கள் முதிர்வது அங்கேதான் என்பதால் எதிர்ப்பு குன்றும் என்றே நினைப்போம். நிகழ்ந்ததோ வேறு. எஞ்சிய செல்கள் எலியின் சொந்த உறுப்புகளையே தாக்கின. ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி, நலமான எலிகளின் முதிர்ந்த டி செல்களை அவற்றுக்குச் செலுத்தியபோது நோய் தடுக்கப்பட்டது. தாக்கும் இனத்திலேயே அடக்கும் செல்களும் உண்டு என்று அவர் துணிந்தார்.

அன்று அது எளிய துணிவன்று. 1970களில் 'அடக்கும் டி செல்' என்ற கருத்து ஓங்கியிருந்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டிய மரபணு, எதிர்பார்த்த இடத்தில் இல்லவேயில்லை என்று 1980களில் தெரிந்ததும் கருத்தே நகைப்புக்கிடமாயிற்று. சிலர் மிகைப்படுத்தியதற்காக ஓர் உண்மையையே ஒதுக்கிவைத்தார்கள். (இலக்கிய உலகில் இது நடப்பதில்லையா என்ன!) 1995இல் சகாகுச்சி அச்செல்களை அடையாளம் காட்டிய பிறகும் ஐயம் முற்றாக நீங்கவில்லை. 2001இல் மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும், பிறந்த சில வாரங்களிலேயே மடியும் ஒருவகை எலிகளிடம் பழுதுபட்டிருந்த ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்தார்கள். ஆண் குழந்தைகளைத் தாக்கும் ஒரு கொடிய நோய்க்கும் அதன் பழுதே காரணம் எனத் தெரிந்தது. அடக்கும் செல்களை உருவாக்குவது அந்த மரபணுவே என்பது 2003இல் உறுதியாயிற்று. மூவரும் 2025இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

2020ஐ நினைத்துப் பாருங்கள். 'எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்' பொடிகளும் பானங்களும் தெருவெல்லாம் விற்றன. அதே ஆண்டு பிரிட்டனில் நடந்த ஒரு பெரும் ஆய்வில், செயற்கை சுவாசக் கருவியிலிருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைத்தது டெக்சாமெதாசோன் என்னும் பழைய, மலிவான மருந்து. அதன் வேலை எதிர்ப்பைத் தணிப்பது. உயிரைப் பறிக்க வந்தது கிருமி மட்டுமன்று, அதன்மேல் உடல் கொண்ட அளவிறந்த சினமும்தான். போர் உவமைக்குள் இதற்கு இடமேது?

'எதிர்ப்பு' என்ற சொல்லே நம்மை ஒரு பக்கம் சாய்க்கிறது. இதற்கான ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்குக் கடமையிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெற்றவர் என்பதே பொருள். நம் கல்வெட்டுகளின் 'இறையிலி'க்கு அது நெருங்கிய உறவு. அதில் வாளும் இல்லை, வேலும் இல்லை. உடல் தன்னைத் தான் தாக்காதிருக்கும் தன்மைக்குச் 'சகிப்பு' என்று எழுதுகிறார்கள். அதில் வேண்டாவெறுப்பு தொனிக்கிறது. வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த 'பொறை' என்ற சொல் கைவசம் இருக்கையில் அதை ஏன் எடுத்தாளக்கூடாது?

பொறையிலும் ஒரு சிக்கல் உண்டு என்பதை மறைக்கவில்லை. புற்றுக்கட்டிகள் பல இவ்வடக்கும் செல்களைத் தம்மிடம் திரட்டி, அவற்றின் நிழலில் வளர்கின்றன. அவற்றை அங்கிருந்து விலக்கும் வழிகளையும் ஆய்வாளர்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.