கோர்ட்டுக்குள்ளயா... கேலரியிலயா?



காலை 6 மணிக்கு ஹாஸ்டல்ல எவனாவது முழிச்சிருந்தான்னா, அதுக்கு ரெண்டே காரணம்தான். ஒண்ணு, அன்னிக்கு செமஸ்டர் எக்ஸாம். இன்னொண்ணு, என்.பி.ஏ. மேட்ச்! நியூயார்க்கில் ராத்திரி 8 மணிக்கு விசில் ஊதினா, நமக்கு விடியற்காலை 5.30 அல்லது 6.30. பல்லு விளக்காம, போர்வைக்குள்ள போனை வெச்சுக்கிட்டு 'டங்க்... டங்க்...'னு கத்துற அந்த கோஷ்டி எல்லா ஹாஸ்டல்லயும் உண்டு. உங்க ரூம்லயே கூட இருக்கலாம்.

அந்த கோஷ்டிக்கு ஒரு தீராத ஆசை. "இவனுங்க பேசாம நம்ம பக்கமே ஒரு டீம் வெச்சா என்ன மச்சி?"

சிரிக்காதீங்க. இதே கேள்வியை என்.பி.ஏ.காரங்களும் பல வருஷமா யோசிச்சுக்கிட்டிருக்காங்க. லீக்கை மத்த கண்டங்களுக்கு எப்படிக் கொண்டுபோறது, எங்கே கடை விரிக்கிறது, யார்கூட கூட்டு சேர்றதுன்னு ஏகப்பட்ட பரிசோதனை. அதுல எது நின்னுச்சு, எது ஓடிப்போச்சு? அதைவிட முக்கியம்... அதனால யாருக்கு லாபம்? இந்த வாரம் அதான் மேட்டர்.

முதல் மேட்ச்சே வெளியூர்ல!

இந்த லீக்கோட முதல் ஆட்டமே அமெரிக்காவில் நடக்கலை, தெரியுமா? 1946 நவம்பர் 1, கனடாவின் டொரொன்டோ. நியூயார்க் நிக்ஸும் டொரொன்டோ ஹஸ்கீஸும் மோதினாங்க. 68-66னு நிக்ஸ் ஜெயிச்சாங்க. ஹஸ்கீஸ் டீம் ஒரே சீசன்ல மூட்டை கட்டிடுச்சு.

அப்புறம் 1995-ல் மறுபடி கனடா. டொரொன்டோவுக்கு ஒரு டீம், வான்கூவருக்கு ஒரு டீம். வான்கூவர் டீம் தேறலை. 2001-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக்கு ஜாகை மாத்திட்டாங்க. டொரொன்டோ ராப்டர்ஸ் மட்டும் தாக்குப்பிடிச்சு, 2019-ல் சாம்பியன் பட்டத்தையே தட்டிட்டாங்க.

பக்கத்து வீட்டு நாட்டுக்குப் போறதுக்கே இந்தப் பாடு. கடல் தாண்டினா?

கணக்கு இடிக்குது பாஸ்!

ஒரு டீமுக்கு ரெகுலர் சீசன்ல 82 ஆட்டம். அதுல பாதி வெளியூர்ல. இன்னிக்கு இங்கே, நாளன்னிக்கு அங்கேன்னு ஓடிக்கிட்டே இருக்கணும். இதுல லண்டன்ல ஒரு டீம் வெச்சா? லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் லண்டனுக்கும் 8 மணி நேர வித்தியாசம். ஃப்ளைட்லயே 10 மணி நேரத்துக்கு மேல போயிடும். ஆடுறவன் தூங்குறது எப்போ, ஆடுறது எப்போ?

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். வேற வழியில போய்ப் பார்த்தாங்க. 1991-ல் ஐரோப்பாவிலும் டீம்கள் வெச்சுத் தனியா ஒரு லீக் ஆரம்பிச்சாங்க. நடுவுல நிறுத்தி, மறுபடி தொடங்கி, 2007-ல் ஷட்டரை இறக்கிட்டாங்க.

அதனால என்.பி.ஏ. கடல் தாண்டி டீம் வைக்கிற ரிஸ்க்கை எடுக்கலை. அதுக்குப் பதிலா ஷோ காட்டினாங்க. 1990 நவம்பர்ல ஃபீனிக்ஸ் சன்ஸும் யூட்டா ஜாஸும் டோக்கியோவில் ஆடினாங்க. வட அமெரிக்காவுக்கு வெளியே நடந்த முதல் ரெகுலர் சீசன் ஆட்டம் அதுதான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ல மைக்கேல் ஜோர்டான், மேஜிக் ஜான்சன், லாரி பேர்டுன்னு 'ட்ரீம் டீம்' இறங்க, உலகமே வாயைப் பிளந்துச்சு.

சர்க்கஸ் வந்துச்சு... போச்சு!

சின்ன வயசுல ஊருக்கு சர்க்கஸ் வந்தது ஞாபகம் இருக்கா? கூடாரம் போடுவாங்க, லைட்டு போடுவாங்க, நாமளும் வாயில ஈ போறது தெரியாம பார்ப்போம். பத்து நாள் கழிச்சுப் போனா வெறும் மைதானமும் குச்சி நட்ட குழியும்தான் இருக்கும்.

2019 அக்டோபர் 4, 5 தேதிகள்ல மும்பைக்கு என்.பி.ஏ. வந்தது. சாக்ரமென்டோ கிங்ஸும் இண்டியானா பேசர்ஸும் ஆடினாங்க. கிங்ஸ் டீமின் முதலாளி விவேக் ரணதிவே பிறந்து வளர்ந்தது மும்பையில்தான். முதல் ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடப் பசங்களை உட்கார வெச்சாங்க. ஓவர்டைம் வரை போய் 132-131னு பேசர்ஸ் ஜெயிச்ச செம த்ரில்லர்! அந்தப் பசங்களுக்கு வாழ்நாள் ஞாபகம். அதுல சந்தேகமே இல்லை. ஆனா, ரெண்டு நாள்ல கூடாரத்தைப் பிரிச்சுட்டாங்க. கேலரியில கைதட்டின பையன் மறுநாள் எந்த லீக்ல ஆடப் போவான்? அந்தக் கேள்விக்கு அந்த மேட்ச்ல பதில் கிடையாது.

சீனாவில் கதை இன்னும் பெருசு. 2002-ல் 7 அடி 6 அங்குல யாவ் மிங்கை ஹூஸ்டன் ராக்கெட்ஸ் முதல் ஆளா எடுத்ததும், சீனாவே என்.பி.ஏ. பைத்தியம் ஆச்சு. டி.வி., ஸ்பான்சர், ஜெர்ஸின்னு பணம் கொட்டுச்சு. 2019 அக்டோபர்ல அதே ராக்கெட்ஸ் டீமின் மேலாளர் டேரில் மோரி, ஹாங்காங் போராட்டக்காரங்களை ஆதரிச்சு ஒரு ட்வீட் போட்டார். உடனே அழிச்சுட்டார். ஆனாலும் சீன அரசு டி.வி. ஒளிபரப்பை நிறுத்திடுச்சு, ஸ்பான்சர்கள் கழண்டுக்கிட்டாங்க. நஷ்டம் 40 கோடி டாலருக்குள்ள இருக்கும்னு லீக்கின் கமிஷனர் ஆடம் சில்வரே 2020 பிப்ரவரியில சொன்னார். ஆறு வருஷம் கழிச்சு, 2025 அக்டோபர்ல மக்காவ்ல ரெண்டு மேட்ச் ஆடித்தான் மறுபடி கதவைத் திறந்தாங்க.

ஒரு லீக் இன்னொரு நாட்டுக்குப் போகும்போது பந்து மட்டும் போறதில்லை பாஸ். பின்னாடியே பணமும் போகும். அதுக்குப் பின்னாடியே அரசியலும் போகும்.

கிகாலியில் ஒரு புது ரூட்டு

இப்போ ஆப்பிரிக்காவுக்கு வாங்க. லாகோஸ்ல பிறந்த ஹகீம் ஒலாஜுவான் 1984-லயே முதல் ஆளா எடுக்கப்பட்டவர். கின்ஷாசாவில் பிறந்த டிகெம்பே முடோம்போ தன் அம்மா பேர்ல அங்கேயே ஒரு மருத்துவமனை கட்டினவர். ஆளுங்களை எடுத்துக்கிட்டுப் போறது ரொம்ப நாளா நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. லீக் மட்டும் அங்கே போகலை.

2019-ல் என்.பி.ஏ.வும் சர்வதேச கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவும் சேர்ந்து ஒரு அறிவிப்பு விட்டாங்க. 'பாஸ்கெட்பால் ஆப்பிரிக்கா லீக்'. சுருக்கமா பி.ஏ.எல். 2020-ல் தொடங்கியிருக்கணும், கொரோனா குறுக்கே வந்துடுச்சு. 2021 மே 16-ல் ருவாண்டா தலைநகர் கிகாலியில முதல் விசில்!

இதுல என்ன புதுசு? அமெரிக்கா டீமைக் கொண்டுவந்து இறக்கலை. அங்கே ஏற்கெனவே இருந்த கிளப்புகளையே சேர்த்தாங்க. 12 நாட்டிலிருந்து 12 கிளப். அங்கோலா, எகிப்து, மொராக்கோ, நைஜீரியா, செனகல், துனிசியா சாம்பியன்கள் நேரடியா உள்ளே வந்தாங்க. மிச்சம் 6 டீம் தகுதிச் சுற்றுல ஜெயிச்சு வந்தது. மடகாஸ்கர், மொசாம்பிக் டீமெல்லாம் அப்படி வந்ததுதான். முதல் பட்டம் எகிப்தின் ஜமாலெக்குக்கு. அப்புறம் துனிசியா, மறுபடி எகிப்து, அங்கோலா, 2025-ல் லிபியான்னு கோப்பை ஊர் ஊரா சுத்துது.

2022-ல் இன்னொரு விதியும் சேர்த்தாங்க. செனகல்ல இருக்கிற என்.பி.ஏ. அகாடமியில படிக்கிற பசங்கள்ல ஒருத்தரை ஒவ்வொரு டீமும் சேர்த்துக்கணும். இப்படித்தான் வந்தான் காமன் மலுவாச்.

தெற்கு சூடான்ல பிறந்து, உகாண்டாவில் வளர்ந்த பையன். 2019-ல், 13 வயசுலதான் பந்தையே தொட்டான். காலுக்கு ஷூ கிடைக்காம ரப்பர் செருப்போட ஆடினவன். அகாடமியில சேர்ந்து, பி.ஏ.எல்.லில் மூணு சீசன்ல மூணு டீமுக்கு ஆடினான். 17 வயசுல பாரிஸ் ஒலிம்பிக். 2025-ல் என்.பி.ஏ. ட்ராஃப்ட்ல 10-வது ஆளு! தன் கண்டத்துலயே பெரியவங்களோட மோதி, அடி வாங்கி, கத்துக்கிட்டு மேலே போனவன் அவன்.

ரோஜாப்பூ மட்டுமில்ல!

'ஆஹா, ஓஹோ'ன்னு நான் பாடப் போறதில்லை. பி.ஏ.எல். சீசன் சில வாரம்தான். முதல் சீசன் ரெண்டே வாரத்துல முடிஞ்சுபோச்சு. நல்லா ஆடுறவனுக்கு அது ஏணி, ஏறி அமெரிக்கா போயிடுவான். மலுவாச்சே போயிட்டானே! மிச்ச மாசங்கள்ல உள்ளூர் கிளப் சம்பளத்துக்கு என்ன செய்யுதுங்கிறது பெரிய கேள்வி.

2024 மார்ச்ல தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் நடந்ததையும் கேளுங்க. புருண்டி நாட்டின் டைனமோ கிளப். லீக்கின் ஸ்பான்சர், ருவாண்டா சுற்றுலா விளம்பரம். எல்லா டீம் ஜெர்ஸியிலயும் அந்த லோகோ உண்டு. ஆனா, ரெண்டு நாட்டுக்கும் ஆகாது. அந்த வருஷம் ஜனவரியிலதான் புருண்டி தன் எல்லையையே மூடியிருந்தது. டைனமோ முதல் மேட்ச்ல லோகோமேல டேப் ஒட்டிக்கிட்டு இறங்கி ஜெயிச்சுட்டாங்க! 'டேப்பை எடுக்கணும்'னு லீக் பிடிவாதம், 'முடியாது'ன்னு இவங்க பிடிவாதம். அடுத்த ரெண்டு ஆட்டமும் ஆடாமலே தோல்வின்னு அறிவிச்சு வெளியே அனுப்பிட்டாங்க. வருஷம் முழுக்கப் பாடுபட்டுத் தகுதி வாங்கின பசங்க, ஒரு துண்டு டேப்புக்காக ஊர் திரும்பினாங்க. நீங்க அந்த டீம்ல இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? நிதானமா யோசிங்க.

ஒரு பாயின்ட் வித்தியாசம்!

இன்னொரு பக்கம் இதையும் பாருங்க. தெற்கு சூடான் 2011-ல் பிறந்த நாடு. ஒழுங்கான உள்ளரங்கு கோர்ட்டே இல்லாத நாடு. என்.பி.ஏ.வில் ஆடி ரிட்டயரான லுவோல் டெங், தன் நாட்டுக் கூடைப்பந்து சங்கத்துக்குத் தலைவரா வந்து, கைக்காசைப் போட்டு டீமைக் கட்டினார். 2024 ஜூலையில லண்டன்ல லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டெஃப் கரி இருந்த அமெரிக்க டீமோட பயிற்சி ஆட்டம். ஒரு கட்டத்துல 16 பாயின்ட் முன்னிலை தெற்கு சூடானுக்கு! கடைசி நொடிகள்ல லெப்ரான் போட்ட கூடையால 101-100னு அமெரிக்கா தப்பிச்சது. ஒலிம்பிக்ல முதல் ஆட்டத்துலயே புவெர்ட்டோ ரிக்கோவை ஜெயிச்சுக் காட்டினாங்க.

ஐரோப்பா வேற மாதிரி. அங்கே ஆளும் இருக்கு, கிளப்பும் இருக்கு. செர்பியாவின் யோகிச், ஏதென்ஸ்ல வளர்ந்த யானிஸ் எல்லாம் அங்கே வளர்ந்த பசங்கதான். 2019-லிருந்து 2025 வரை என்.பி.ஏ.வின் சிறந்த வீரர் விருது ஒரு தடவைகூட அமெரிக்காவில் பிறந்தவருக்குப் போகலை. அப்படிப்பட்ட இடத்துலயும் 16 டீம் லீக் தொடங்கலாமான்னு 2025 மார்ச்ல என்.பி.ஏ.வும் ஃபிபாவும் பேச ஆரம்பிச்சாங்க. 12 டீமுக்கு நிரந்தர இடம், 4 டீம் தகுதி அடிப்படையில. 'காசு கொடுத்தவன் எப்பவும் உள்ளே, ஜெயிச்சவன் வாசல்ல க்யூவா?'ங்கிற சண்டை இதுலதான் வரும்.

இப்போ நம்ம பக்கம்...

2015-ல் பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னாம் சிங்கை டல்லாஸ் மேவரிக்ஸ் 52-வது ஆளா எடுத்தாங்க. இந்தியாவில் பிறந்து ட்ராஃப்ட் ஆன முதல் ஆளு. நாமெல்லாம் துள்ளிக் குதிச்சோம். ஆனா, ஒரு என்.பி.ஏ. மேட்ச்லகூட அவர் இறங்கலை. அதே 2015-ல் இங்கே யு.பி.ஏ.ன்னு ஒரு லீக் வந்துச்சு. சென்னை ஸ்லாம்னு நம்ம ஊர் டீமும் இருந்துச்சு. 2017-க்கு அப்புறம் அதுவும் இல்லை.

ஒரு பழைய கதையோட முடிக்கிறேன். 1891-ல் அமெரிக்காவின் ஸ்ப்ரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில பீச் பழக் கூடையை மாட்டி ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். அதே ஒய்.எம்.சி.ஏ. வழியா வந்த ஹாரி க்ரோ பக், 1920-ல் சென்னையில உடற்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பிச்சார். அவர் மேட்ச் காட்டிட்டுப் போகலை. இங்கேயே ஆசிரியர்களை உருவாக்கினார். நூறு வருஷம் தாண்டியும் நந்தனத்துல அந்தக் கல்லூரி நிக்குது.

அதனால, நாளைக்கே ஏதோ ஒரு பெரிய லீக் நம்ம ஊருக்கு வந்து, பேனர் கட்டி, பாட்டு போட்டா... போங்க, பாருங்க, விசில் அடிங்க. தப்பே இல்லை. வெளியே வரும்போது மட்டும் மூணு கேள்வி கேளுங்க. இவங்க போன பிறகு கோர்ட் இங்கே இருக்குமா? கோச் இருப்பாரா? நம்ம பையனோ பொண்ணோ வருஷம் முழுக்க ஆட ஒரு டீம் இருக்குமா?

மூணுக்கும் 'ஆமா'ன்னா அது லீக். இல்லேன்னா, அது சர்க்கஸ். டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி எதுக்கு வாங்குறோம்னு தெரிஞ்சுக்கங்க.

சரி, சாயந்திரம் அஞ்சு மணி ஆச்சு. உங்க காலேஜ் கோர்ட்ல வலை கிழிஞ்சு தொங்குது, பந்துல பாதிக் காத்துதான் இருக்கு. பரவாயில்லை, இறங்குங்க!

அடுத்த வாரம் பார்ப்போம்!