சிறு குழந்தைக்குப் பெரிய படிப்பு

சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல அதிகப் படிப்பு எதற்கு என்ற எண்ணம் நம்மவரிடையே வெகுநாளாக வேரூன்றியிருக்கிறது. அரிச்சுவடி வகுப்புக்குக் குறைந்த சம்பளம். கல்லூரி வகுப்புக்கு உயர்ந்த சம்பளம். ஆட்டிஸம் உள்ள குழந்தைகள் விஷயத்தில் இவ்வெண்ணம் பெருந்தீங்கு விளைவிக்கிறது என்பதை நேயர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

1943-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வைத்தியர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி இந்நிலையை உலகுக்கு எடுத்துக் காட்டினார். இத்தகைய குழந்தை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலிருக்கலாம். குக்கரின் சீழ்க்கை கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு அலறலாம். நாம் கேட்ட கேள்வியையே நமக்குத் திருப்பிச் சொல்லலாம். இது பிடிவாதமுமன்று, பெற்றோர் வளர்த்த குற்றமுமன்று.

இக்குழந்தைக்குக் கை கழுவக் கற்பிப்பது எப்படி? குழாயைத் திறப்பது, கையை நனைப்பது, சோப்புத் தேய்ப்பது, அலம்புவது, துடைப்பது என்று காரியத்தைப் பகுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் சுவரில் ஒட்ட வேண்டும். எந்தப் படியில் குழந்தை தயங்குகிறது என்று நாள்தோறும் குறித்துவைத்து, நாம் செய்யும் உதவியைச் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். அன்பு ஒன்றினால் மட்டும் வந்துவிடும் வித்தையன்று இது. தேர்ந்த ஆசிரியர் அருகிலிருந்து திருத்த, குழந்தைகளோடு பழகிப் பயில வேண்டியது.

நமது நாட்டில் இதற்கு வழி இல்லாமலில்லை. 1992-ம் வருஷத்துச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்ஸிலின் அங்கீகாரத்துடன் பட்டதாரிகளுக்கு விசேஷக் கல்வியில் பி.எட். பயிற்சி ஏற்பட்டிருக்கிறது, அதில் ஆட்டிஸத்தையே சிறப்புப் பாடமாகக் கொள்ளவும் இடமுண்டு. பள்ளிகளில் இத்தகைய 5 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு விகிதம் வகுத்தது.

ஆயினும் இலவசக் கல்வி பெறும் உரிமை சட்டப்படி 6 வயதில்தான் ஆரம்பமாகிறது. பெற்றோரோ இரண்டு மூன்று வயதிலேயே வித்தியாசத்தைக் கண்டு கவலை கொள்கிறார்கள். பேச்சும் பழக்கமும் விரைந்து உருவாகும் அந்த வருஷங்களில், பணமுள்ளவர் தனியார் நிலையங்களை நாடுகிறார்கள், மற்றவர் காத்திருக்கிறார்கள். குழந்தையின் வயது காத்திருப்பதில்லை.

ஊர்தோறும் அங்கன்வாடிகள் இருக்கின்றன. பயிற்சி பெற்ற பட்டதாரி ஒருவரை வட்டாரந்தோறும் நிரந்தரமாக நியமித்து, அங்கன்வாடி ஊழியருக்கும் தாய்மாருக்கும் வழிகாட்டச் செய்வது சர்க்காரின் கடமை. படித்த குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. பட்டம் பெற்ற பெண்ணோ பிள்ளையோ இப்பயிற்சிக்குப் போக விரும்பினால், “இதற்கா இவ்வளவு படிக்க வைத்தோம்?” என்று கேட்காதிருப்பதே அது.